இடப்பக்க இருக்கை

அன்பிற்குரிய என் இல்லாளுக்கு,

நான் நலமே. உன் முழங்கால் வலி குறைந்ததா? பயிற்சியைத் தவறாமல் செய்கிறாயா?

நேற்று ஒரு வேடிக்கை. சிறிய நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டுகள் கேப்டனாக இருந்த பழக்கத்தில், விமானி அறைக்குள் நுழைந்ததும் இடப்பக்க இருக்கையில் அமர்ந்துவிட்டேன். அது கேப்டனுக்குரியது, இந்தப் பெரிய நிறுவனத்தில் நான் துணை விமானி. பின்னால் வந்த கேப்டனுக்கு முப்பத்தாறு வயதுதான். அந்தப் பெண் சிரித்தபடி, "சார், சீட்டு மாறி உக்காந்துட்டீங்க. டிக்கெட்டைக் காட்டுங்க பாப்போம்!" என்றார்.

இங்கே பதவி உயர்வுக்குப் பழைய அனுபவம் செல்லாது. சேர்ந்த தேதிதான் வரிசை. முன்னால் இருப்பவர்கள் ஓய்வுபெறும் ஆண்டுகளைப் பார்த்தேன். என் முறை வரப் பதினான்கு ஆண்டுகள். எனக்கு ஓய்வு பதினைந்தாவது ஆண்டில். ஓராண்டுக் கேப்டன்!

பழைய நிறுவனம் மாத இறுதிவரை என் இடத்தை வைத்திருக்கும். ஆயினும், இத்தனை பெரிய விமானம் பக்கவாட்டுக் காற்றில் எப்படித் தரையிறங்க விரும்புகிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதை அறியாமல் திரும்ப மனமில்லை. நீ சரியென்றால் பழைய நிறுவனத்துக்கு மறுத்து எழுதிவிடுவேன்.

என் பழுப்புக் கம்பளிச் சட்டையை அனுப்பு. சாப்பாட்டு மேசையில் என் நாற்காலி அங்கேயேதானே இருக்கிறது? யாராவது உட்கார்ந்தால் டிக்கெட் கேள்.

விமான நிலையத்துக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்