தமிழில் வராத கடிதம்

செவ்வாய்க்கிழமை

இவர் உயிர் தப்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் என் கோபம் அடங்கவில்லை.

காலையில் தோணியிலிருந்து இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்துவிட்டார். போன மாதம் ஊரில் எல்லாருக்கும் இரத்தம் எடுத்துச் சோதித்த பின் வீடு வீடாகக் கடிதம் வந்திருந்தது; இவருக்கு வந்ததை மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் காட்டினேன்.

"கொழுப்பு நல்லாக் கூடியிருக்கு, உடன வரச் சொல்லி எழுதியிருக்கே. ஏன் வரேல்ல?"

"எங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது டொக்டர். ஒண்டுமில்லை எண்டு நினைச்சு வச்சிட்டம்."

இவரின் தங்கச்சியை, என் மச்சியை, இவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, கடிதம் அனுப்பிய சுகாதாரக் கந்தோருக்கே போனேன். அங்கிருந்த அலுவலர் தலை நிமிராமல், "தமிழ்ப் படிவம் முடிஞ்சுது அக்கா. ஆரிட்டயாவது காட்டியிருக்கலாமே" என்றார்.

மேசையில் ஓங்கி அடித்தேன். "சாகக் கிடந்தது என்ர மனுசன்! வாசிக்க ஆள் தேடி நாங்களோ திரியிறது?"

பின்னேரம் ஊருக்கு வந்து வீடு வீடாக அந்தக் கடிதங்களைச் சேர்த்தேன். சிங்களம் தெரிந்த கடைக்காரர் வாசித்துச் சொன்னார். இன்னும் மூன்று பேரை உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டுப் பரீனா. மூன்று பிள்ளைகளின் தாய்.

"நான் நல்லாத்தானே இருக்கிறன், ராத்தா" என்று சிரித்தாள்.

"காலமை மன்னார் பஸ்ஸுக்கு வந்து நில்லு" என்று அதட்டினேன். வராவிட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். இவரும் நேற்றுவரை நல்லாத்தான் இருந்தார்.