அப்பா வாங்கிய கரண்டு காடி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அந்த டப்ளின் குளிரில் இருமல், சளி ஒன்றும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரம் கெட்ட நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், மெசேஜ் வந்தால் படித்துக் காட்டச் சொல்கிறார். அதனால்தான் நீ கேட்ட ரசப்பொடி பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

உன் தம்பி குகன் அனுப்பிய கார் படத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய் இல்லையா, அதற்குத்தான் இந்தப் பதில். உனக்கே தெரியும், பழைய புரோட்டான் சாகா காரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, லாரி முந்தினாலும் போகட்டும் என்று விடுகிற மனிதர் அவர். போன வருஷத்திலிருந்து போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எந்நேரமும் வேகமான கரண்டு கார்களின் வீடியோவாகப் பார்த்தார். ரிட்டையர் ஆனவருக்குப் பொழுது போகவில்லை என்று விட்டுவிட்டேன். சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருந்தாரே ஒரு பாய், அவர் மகன் இஸ்மாயில் இப்போது ஜெலுத்தோங்கில் பழைய கார் வியாபாரம் செய்கிறார், அவரிடம் இந்தக் கார் வந்தது. தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு எலும்பு டாக்டர் வைத்திருந்தது. புதிதாக வாங்குகிற காசுக்கு ஒரு வீடே வாங்கலாம், ஆனால் பேட்டரிக்குப் பயந்து யாரும் பழசை வாங்க மாட்டார்கள் என்பதால் விலை தடாலென்று விழுந்துவிடுமாம். நான் சும்மா தலையாட்டவில்லை. விற்கிறவர் சொல்வதைக் கேட்க மாட்டேன், சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதித்துக் காகிதம் கொடுத்தால்தான் ஆச்சு என்றேன், மிச்சம் இருக்கிற வாரண்டி நம் பேருக்கு மாறுமா என்று கேட்டேன், நாலு டயரும் தேய்ந்திருப்பதைக் காட்டி மாற்ற வைத்தேன். இந்த வேகத்துக்கு டயர் செருப்பு மாதிரி தேயுமாம். இஸ்மாயில் சிரித்துக்கொண்டே, அக்காவைக் கடையில் வேலைக்கு வைத்தால் எனக்கு ஒரு காடியும் விற்காது என்றார். போர்ச்சில் சார்ஜர் மாட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ரொஸ்னா வந்து, மழையில் நனைந்தால் ஷாக் அடிக்குமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனாள்.

எல்லாரையும் போல நாங்களும் முதலில் கோயிலுக்குத்தான் கொண்டுபோனோம். இஸ்மாயில்தான் காரை ஓட்டிவந்து கோயில் வாசலில் நிறுத்திக் கொடுத்தார். குருக்கள் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பா ஏறி உட்கார்ந்தார், நான் தட்டோடு முன்னால் நின்றேன். இந்தக் காரில் கியர் குச்சியே கிடையாது, திரையில் விரலை வைத்து மேலே தள்ளினால் முன்னால் போகும், கீழே தள்ளினால் பின்னால் போகும், எது விழுந்திருக்கிறது என்று ஒரு சின்ன எழுத்துக் காட்டும். குருக்கள் கையைக் காட்டினார், அப்பா மிதித்தார், கார் சத்தமே இல்லாமல் பின்னால் பாய்ந்து ஜெகதீஸ்வரியின் பூக்கடை மேசையில் மோதி நின்றது. நல்ல வேளையாக அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மல்லிகை எல்லாம் ரோட்டில், நாலு எலுமிச்சம்பழமும் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆளுக்கு ஆள் சகுனம் சரியில்லை என்றார்கள், குகன் அன்றைக்கே விற்றுவிடச் சொன்னான். அத்தனை பேரில் ஒருவருக்கும் அவர் கண்மேல் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இஸ்மாயில்தான் காரை வீடுவரை ஓட்டிவந்து விட்டுப்போனார், அப்பா போர்ச்சில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுபோய் நீட்டினேன். அவர் கை கப்புக்குப் பக்கத்தில் போய்க் காற்றைப் பிடித்தது. அப்போதுதான் சொன்னார், "மோகனா, நடுவுல ஒண்ணும் தெரியல லா. ஓரந்தான் தெரியுது. உன் மொகமே பொகையா இருக்கு." போன வருஷமே தனியாகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார், ரூபினி. விழித்திரையின் நடுப்பாகம் தேய்ந்துகொண்டு வருகிறதாம். "கண்ணு இருக்கும்போதே ஒரு தடவ நல்ல காடி ஓட்டிப் பாத்துடணும்னு நெனச்சேன். முன்னால போயிருந்தா உன் மேலதான் வந்திருக்கும்" என்று சொல்லி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக என்னைப் பாசாருக்கும் கோயிலுக்கும் பழக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். ரோட்டில் எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, சமையல்கட்டில் நின்று அழுதேன். பிறகு நானே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், போன பார்வை வராது, இருப்பதைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம் என்கிறார் டாக்டர். இனி வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். இஸ்மாயில் விஷயம் கேள்விப்பட்டு, நஷ்டமானாலும் பரவாயில்லை அக்கா, காடியை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார், நல்ல பிள்ளை. அப்பா உடனே சரி என்று தலையாட்டினார். அவர் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆசைப்பட்டதை எல்லாம் இப்படியே ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கொடுக்க வேண்டாம், நான் ஓட்டுகிறேன் என்றேன்.

சிரிக்காதே. பாயான் பாரு கிளினிக்கில் வேலை பார்த்தபோது தினமும் அந்தக் குட்டி கஞ்சில் காரை ஓட்டிக்கொண்டு போனவள்தானே நான். இஸ்மாயிலை உட்கார வைத்து ஒரு வாரம் பழகினேன். பிறகு அதே கோயிலில் வேறு நாலு பழம் வைக்கச் சொன்னேன், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, முன்னால் ஒருவரையும் நிற்க விடாமல், நானே ஏற்றி நசுக்கினேன். ஜெகதீஸ்வரிக்கு மேசை செய்து கொடுத்தாகிவிட்டது, பழையதைவிட இது உயரமாக இருக்கிறது என்று குறை சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோடு காலியாக இருக்கும்போது நேர்ரோட்டில் நிறுத்தி ஒரு மிதி மிதிக்கிறேன். முதுகை யாரோ சீட்டில் வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார், "இன்னொரு தடவ" என்கிறார். சட்டத்துக்கு மேல் நான் போவதில்லை, இருந்தாலும் அவருக்குப் போதும். டயர் சத்தத்தை வைத்து எத்தனை வேகம் என்று சொல்கிறார், தப்பாகத்தான் சொல்கிறார், நான் சரி என்று சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் கார் பிடித்துப்போய்விட்டது.

இது குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் சொன்னார், அதனால் நீ இந்த மாதமே கண்ணைக் காட்டு, வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதே. குகனையும் அனுப்பியிருக்கிறேன், அவனுக்கு ஒன்றுமில்லை. அப்பா இதை உன்னிடம் நேரில் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்கிறார், அதனால் அவர் சொல்லும்போது முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள், போனில் ஒரு வார்த்தையும் கேட்காதே.

நீ தலைவலி காய்ச்சல் இல்லாமல், நினைத்தது நடந்து, நல்ல மனிதர்கள் சூழ நீண்ட நாள் வாழ வேண்டும். டிசம்பரில் உன்னை ஏர்போர்ட்டிலிருந்து இந்தக் காரில்தான் கூட்டிவருவோம். அப்பா காலையிலேயே சட்டையை அயர்ன் பண்ணி உடுத்திக்கொண்டு முன்வரிசையில் வந்து நிற்பார். நீ வெளியே வந்ததும் தூரத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவாய், சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம் அது. இந்தத் தடவை கையை ஆட்டாதே. நின்ற இடத்திலிருந்து அப்பா என்று சத்தமாகக் கூப்பிடு.

உன் அம்மா,
மோகனா சந்திரசேகரன்