நாற்பத்தோராம் நிபந்தனை

மார்ச் 3, செவ்வாய்

இன்று எனக்கு வயது நூற்று நாற்பது. நேற்று கர்ப்பமாக இருந்தேன்.

பேத்தியின் அலுவலகத்தில் என்னை வைத்துத்தான் சோதனை நடக்கிறது. நிஜமான என்னை இல்லை. என்னைப் பார்த்து அவள் உண்டாக்கிய பொய் நோயாளி. கம்ப்யூட்டர் எதற்கு முழிக்கிறது, எதற்குத் தலையாட்டுகிறது என்று பார்க்க வயதையும் வியாதியையும் மாற்றி மாற்றிப் போடுவாளாம். "எழுபத்திரண்டு வயசுல கர்ப்பம்னு போட்டேன் பாட்டி. ஒரு ஆஸ்பத்திரி சிஸ்டம் வாழ்த்து அனுப்பிருச்சு!"

"குழந்தைக்கு அப்பா யாருன்னு கேக்கலையா?" என்றேன். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

எதிர்வீட்டுக்காரி, "உங்க பேத்திக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். பெரிய வேலை என்றேன். என்ன பெரிய வேலை என்றாள். முழித்தேன். ஐந்தாவதோடு நின்றவள், வேறென்ன செய்ய?

சாயங்காலம் பேத்தியைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிற நம் வைத்தியச் சீட்டு வேண்டுமென்றால், அது எங்கே இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டைக் கொடுக்கிற ஆஸ்பத்திரி, என்ன கொடுப்பேன், என்னிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதியபடி நடக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நிபந்தனை எழுதுகிறவள் என் பேத்தி. நாற்பத்தொரு நிபந்தனை!

உடனே எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மார்ச் 10, செவ்வாய்

பேத்தி சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி நிபந்தனைதான் வம்பு. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்குச் சீட்டில் ஒரு கட்டம் உண்டு. ஒரு ஆஸ்பத்திரியில் அதைக் கேட்காமல் விட்டால் கட்டம் காலி. அது அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது 'ஒவ்வாமை இல்லை' என்று மாறிவிடக் கூடாது. 'கேட்கப்படவில்லை' என்றே போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான் நாற்பத்தொன்று. ஆனால் பெரிய கம்பெனி ஒன்றின் சாஃப்ட்வேர், காலியைக் கண்டால் 'இல்லை' என்று காட்டிவிடுகிறது. பதினெட்டாம் தேதி எல்லா ஆஸ்பத்திரிக்காரர்களும் சோதனையைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் சாஃப்ட்வேர் தோற்றால் அந்தக் கம்பெனி கோபித்துக்கொண்டு போய்விடும் என்று மேலாளருக்கு நடுக்கம். "அந்த ஒண்ணை மட்டும் எடுத்துரும்மா. முடியாதுன்னா வேற டீமுக்குப் போயிடு" என்றாராம்.

"எடுத்துட்டா என்னடி? நாப்பது இருக்கே" என்று நான் கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்? ஒன்பது மாத உழைப்பு கையை விட்டுப் போய்விடுமே என்ற பயம்தான்.

அவள் என்னையே பார்த்தாள். "போன வருஷம் ஊசி போட்டு உன் முகம் வீங்கிச்சே, அந்தச் சீட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா? ஒவ்வாமை இல்லைன்னு. உன்னை யாராவது கேட்டாங்களா?"

யாருமே கேட்கவில்லை. மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தேன்.

மார்ச் 11, புதன்

அவள் எடுக்கவில்லை. "தோத்தா அது உன் தலையில" என்று மேலாளர் கையைக் கழுவிவிட்டார். நானாக இருந்தால் எடுத்திருப்பேன் — உண்மையைச் சொன்னால் என்ன.

மார்ச் 17, செவ்வாய்

நாளைக்கு. பிள்ளையாருக்கு நான் ஏன் தேங்காய் நேர்ந்துகொண்டேன்? சோதனை கம்ப்யூட்டருக்கு.

மார்ச் 18, புதன்

ஜெயித்துவிட்டாள்! வாசலிலேயே என்னைத் தூக்கிச் சுற்றினாள். இடுப்பு இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும்.

நாற்பதும் எல்லாக் கம்பெனிகளுக்கும் தேறிவிட்டதாம். கடைசியில் இவள் இரண்டு பொய் நோயாளிகளை அனுப்பியிருக்கிறாள். ஒருவரிடம் கேட்டாயிற்று, அவர் ஒவ்வாமை இல்லை என்று சொல்லிவிட்டார். மற்றவரிடம் கேட்கவே இல்லை. பெரிய கம்பெனியின் திரையில் இரண்டு பேருக்கும் 'இல்லை'. கம்பெனிக்காரர் எழுந்து, "சின்ன விஷயம், இதுக்குப் போய்..." என்று இழுத்திருக்கிறார். இவள் அவரைப் பார்க்கவே இல்லையாம். டாக்டர்கள் பக்கம் திரும்பி, "இதுல யாருக்குத் தைரியமா ஊசி போடுவீங்க?" என்றாளாம்.

மயக்க மருந்து டாக்டரம்மா ஒருத்தர் எழுந்து, "இந்த நிபந்தனை இல்லைன்னா எங்க ஆஸ்பத்திரி இதுல சேராது" என்றாராம். பின்னாலேயே மற்றவர்களும். கம்பெனிக்காரர் பத்து வாரத்தில் திருத்தித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"மேனேஜர் என்ன சொன்னார்?" என்று மகள் கேட்டாள்.

"'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னார்மா!"

மார்ச் 19, வியாழன்

எதிர்வீடு, மேல்வீடு, பால்காரர் — எல்லாரிடமும் சொல்லியாயிற்று. மேல்வீட்டில் இரண்டு தடவை.

ஜூன் 22, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புரை எடுக்க வேண்டுமாம். ஒன்றரை மணி நேரம் வரிசை நகரவே இல்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"முன்னெல்லாம் ரெண்டு நிமிஷத்துல அனுப்பிருவாங்க. எவன் கொண்டுவந்தான் இதை?" என்று எனக்குப் பின்னால் நின்றவர் பொரிந்தார்.

"கேட்கப்படவில்லைன்னு சிவப்பா காட்டுதுங்க. கேட்டே ஆகணும், என்ன செய்ய?" என்றாள் நர்ஸம்மா.

எனக்குக் கால் கடுத்தது போன இடம் தெரியவில்லை.

என் முறை வந்தது. "அம்மா, எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?" என்றாள். ஊசியில் ஆரம்பித்து, வீக்கம், மூன்று நாள், எல்லாவற்றையும் வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் ஒன்று விடாமல் தட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றார் பின்னால் நின்றவர்.

"பொறுங்க தம்பி. என் பேத்தி கேக்கச் சொல்லியிருக்கா."