என் கையில் ஓடிய உன் வாட்ச்

பந்தயத்துக்குக் கொண்டுபோன பையை இன்று காலைதான் திறந்தேன். இரண்டு மாதமாகக் கடையில் தையல் மிஷினுக்குக் கீழே, ரெக்ஸின் துண்டுகளோடு துண்டாகக் கிடந்தது. ஜிப்பை இழுத்ததும் கடல் உப்பு, புளித்த வியர்வை, எலுமிச்சை குளுக்கோஸ் மூன்றும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பையைத் தெருக்குழாயடிக்குக் கொண்டுபோய்ப் போட்டு மிதித்தேன். என்ன பாய், காலையிலேயே துணி துவைக்கிறீங்களா என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். உன்னை மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நீ உயிரோடு இருந்தபோது, திட்ட வேண்டிய நேரத்தில் நான் சிரித்தேன். அப்போது விட்டதை இப்போது திட்டுகிறேன். வேறு வேலை உனக்கு என்ன இருக்கிறது, கேட்டுக்கொள்.

நீ முதன்முதலில் என் கடைக்கு வந்தது சைக்கிள் சீட்டுக்கு ஸ்பாஞ்ச் வைத்துத் தைக்க. லாஸ்பேட்டை ஆபீஸில் கிளார்க், நாற்பத்திரண்டு வயது, சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடிக்கும் வயிறு. நான் ஸ்கூட்டர் சீட்டு தைக்கிறவன். சைக்கிளுக்கு எதற்கு இரண்டு இஞ்ச் மெத்தை என்று கேட்டதற்கு, மரக்காணம் வரை போய் வரப்போவதாகச் சொன்னாய். நம்பவில்லை. அடுத்த ஞாயிறு, மெத்தை எப்படி இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில் நானும் என் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் பின்னால் வந்தேன். காலாப்பட்டைத் தாண்டும்போதே உட்கார முடியாமல் நின்றுகொண்டே மிதித்தாய். என் தையல்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னாய்.

அங்கே தொடங்கிய பைத்தியம் இரண்டு வருடத்தில் முற்றிவிட்டது. கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, உடம்பு காயும் முன்பே தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிய காலோடு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டிய பந்தயம் நம் ஊரிலேயே நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேர் பெயரையும் பதிந்துவிட்டாய். பதிந்த பிறகுதான் என்னிடம் சொன்னாய்.

எனக்கு நீச்சல் தெரியாது. நீ கழனிக் கிணற்றில் குதித்து வளர்ந்தவன். நான் பக்கெட்டில் மொண்டு குளித்து வளர்ந்த டவுன்காரன். நோணாங்குப்பத்தில் படகுகள் கிளம்புவதற்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் கழிமுகத் தண்ணீரில் என்னைத் தள்ளிவிட்டு, "கால போட்டு ஒதைக்காத பாய், தண்ணி உனக்கு என்னா தப்பு பண்ணுச்சு" என்று கேட்பாய். மூச்சு முட்டி நான் கரையேறினால், பாதியில் இறங்குகிறவன் பஸ்ஸுக்குக் காசு வைத்திருக்க வேண்டும் என்பாய். உன் நக்கல் எனக்குப் பிடிக்கும். அதை மறைக்க மாட்டேன்.

சென்னையில் ஒரு பயிற்சியாளரைப் பிடித்தோம். முகம் பார்த்ததில்லை, எல்லாம் போனில். அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று போனில் கட்டம் கட்டமாக வரும். கையில் கட்டியிருக்கும் வாட்ச் எவ்வளவு தூரம் ஓடினோம், நெஞ்சு எத்தனை முறை அடித்தது என்று அவருக்குச் சொல்லிவிடும். முடித்தால் கட்டம் பச்சை, முடிக்காவிட்டால் சிவப்பு. ஞாயிறு சாயங்காலம் எல்லார் கட்டத்தையும் குரூப்பில் போடுவார். சிவப்பு வந்தவனை நாற்பது பேர் கிண்டல் செய்வார்கள். ஆபீஸில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கினால் தோளைக் குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறவன் நீ. அந்தச் சிவப்புக்கு மட்டும் அப்படிப் பயந்தாய்.

பந்தயத்துக்குப் பத்து வாரம் இருக்கும்போது வந்தது அந்த முதல் ஞாயிறு. நோணாங்குப்பம் படகுத்துறை மதிலோரம் வண்டிகளை நிறுத்திவிட்டு, கிருமாம்பாக்கம் வரை ஓடித் திரும்ப வேண்டும். பதினாறு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, நின்றுவிட்டாய். உள்ளங்கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாய். நெற்றியெல்லாம் வியர்வை. நமக்கு வியர்வை புதிதா என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கேஸுதான் பாய். ராத்திரி கொண்டக்கடல சாப்ட்டேன்."

திரும்பிப் போய் மதில்மேல் உட்கார்ந்தாய். நானும் உட்காருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உன் வாட்ச்சை அவிழ்த்து என் வலது கையில் கட்டினாய். "இதையும் கட்டினு ஓடிட்டு வா. ரெண்டு பேருக்கும் பச்ச விழட்டும்." நான் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் வராதவனுக்கு உள்ளேன் ஐயா சொன்னது போல இருந்தது. இடது கையில் என்னுடையது, வலது கையில் உன்னுடையது. உன் பெயருக்கு ஓடுகிறோமே என்று கொஞ்சம் வேகமாகவே ஓடினேன். சாயங்காலம் பயிற்சியாளர் உன்னைக் குரூப்பில் புகழ்ந்தார், இதயம் நிதானமாக அடிக்கிறது, இதுதான் உழைப்பின் பலன் என்று. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் கேஸ். அதற்கடுத்த ஞாயிறும் கேஸ். மூன்றாவது முறை நீ நெஞ்சைத் தேய்க்கக்கூட இல்லை, வந்து இறங்கியதும் வாட்ச்சைத்தான் அவிழ்த்தாய். டாக்டரிடம் காட்டு என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? ஷூ கயிறு கட்டிக்கொண்டே, குனிந்தபடி, உன் முகத்தைப் பார்க்காமல். காட்டிவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்றாய். நான் ஓடப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் வண்டி நிறுத்தத்தில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு அப்படியே சரிந்தாயாம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

குரூப் ஆட்கள் பந்தயப் பனியன் போட்டுக்கொண்டு அரியாங்குப்பத்துக்கு உன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பிடித்ததைச் செய்துகொண்டே போய்ச் சேர்ந்தார் என்று ஒருவர் சொன்னார். அவர் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டேன். என்ன பிடித்தது உனக்கு, ஸ்கூட்டர் நிறுத்துவதா? உன்னைத் தூக்கிய தோள்களில் என் தோளும் ஒன்று. அத்தனை பச்சைக் கட்டம் வாங்கியவன் எப்படிக் கனத்தாய்.

அதுவரைக்கும் எனக்கு வெறும் துக்கம்தான். கோபம் உன் காரியத்தன்று வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் உன் மனைவி செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறுதல் தேடுகிற குரலில் சொன்னாள்.

"ஒரு கொறையும் இல்லண்ணே அவருக்கு. ஓடுறதுக்கு சர்டிபிகேட் வேணும்னு டாக்டர்கிட்ட போனோம். மிஷின்ல ஏத்தி ஓடவிட்டுப் பாக்கணும்னாரு. இவுரு போனக் காட்டுனாரு. பதினாறு கிலோமீட்டரு ஓடிட்டு இப்டி அடிக்குதுன்னா குதிர மாதிரி இருக்குய்யா உன் இதயம்னு டாக்டரே சிரிச்சிக்கினு கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்டியிருந்தும் போய்ட்டாருன்னா விதிதானே?"

இலையை மூடினேன். எழுந்து பின்பக்கம் போய்க் கை கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அட பாவி. பயிற்சியாளரை ஏமாற்றினாய், சரி. நாற்பது பேரை ஏமாற்றினாய், போகட்டும். டாக்டரிடமா கொண்டுபோய் என் நெஞ்சைக் காட்டுவாய்? உன்னைச் சோதித்துப் பார்க்க இருந்த ஒரே மனிதன் முன்னால் என் துடிப்பை நீட்டி, இதுதான் நான் என்று சொல்ல எப்படி மனசு வந்தது? மிஷினில் ஏறினால் என்ன தெரிந்துவிடும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் ஏறவில்லை. ஒரு பந்தயம் போனால் அடுத்த வருடம் இன்னொன்று வந்திருக்கும். கழுத்தில் தொங்கும் ஒரு மெடலுக்காகச் செல்வியை விதி என்று பேச வைத்துவிட்டாய். என்னை என்னவாக ஆக்கிவிட்டாய் என்று யோசித்தாயா?

நான் ஓடமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். பந்தயத்துக்கு நாலு நாள் முன்பு செல்வி கடைக்கு வந்தாள். உன் வாட்ச்சைக் கைக்குட்டையில் சுற்றி, சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தாள். உங்கள் வாட்ச்சோடு இதையும் கட்டிக்கொண்டு ஓடுங்கள் அண்ணே, அவர் பெயரில் ஒருமுறை முடியட்டும், நானும் பொண்ணும் போனில் பார்த்துக்கொண்டிருப்போம் என்றாள். நீ கேட்ட அதே உதவி. உன்னிடம் மறுக்க வேண்டியதை மறுக்காதவன், அவளிடம் எந்த வாயால் மறுப்பது? கையை நீட்டினேன். அவளே கட்டிவிட்டாள்.

பந்தயத்தன்று கடல் கொந்தளிப்பாக இருந்தது. காவலுக்கு நின்ற மீன்பிடிப் படகுகளே ஏறி இறங்கின. உன்னைத் திட்டிக்கொண்டே நீந்தினேன். வாயைத் திறந்தபோதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. ஆனாலும் கடைசி ஆளாகக் கரையேறவில்லை, எனக்குப் பின்னால் பதினோரு பேர் இருந்தார்கள். சைக்கிளில் மரக்காணம் போய்த் திரும்பும்போது எதிர்காற்று. உப்பளம் பக்கம் ஒரு மரநிழல் கிடையாது. தொடை இரண்டும் இழுத்துக்கொண்டன. ஒரு இடத்தில் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நின்று சத்தமாகவே உன்னைக் கேட்டேன், ஏன்டா மறைத்தாய் என்று. தண்ணீர் கொடுக்க நின்ற பெண் பயந்துபோய், தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள் சார், வெயில் ஏறிவிட்டது என்றாள்.

ஓட்டம் கடற்கரைச் சாலையில், போய்ப் போய்த் திரும்புகிற சுற்று. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இடது கை அதிரும், கொஞ்சம் பொறுத்து வலது கை அதிரும். வலது கையைப் பார்த்தால் உன் பெயருக்குக் கீழே என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. பதினாலாவது கிலோமீட்டரில் பாறையோரம் நின்று, அதைக் கழற்றிக் கடலில் எறியக் கையை ஓங்கினேன். உன் பெண் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைவு வந்தது. சட்டென்று அப்பா நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று தோன்றியது. உனக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. நடந்தேன், ஓடினேன், மறுபடி நடந்தேன். ஏழே முக்கால் மணி நேரம் ஆனது.

எல்லைக்கோட்டில் செல்வி நின்றாள். பெண்ணை இளநீர் வாங்க அனுப்பியிருந்தாள். போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். உன் பெயருக்கு எதிரே பச்சைக் கட்டம்.

"முடிச்சிட்டாருண்ணே," என்றாள். அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போனவன் நல்ல பெயரோடு போயிருப்பான், இருப்பவள் விதியை நொந்துகொண்டு இருந்திருப்பாள். ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. டாக்டருக்குக் காட்டியது அவன் இதயம் இல்லை, என்னுடையது, மூன்று ஞாயிறும் அவன் ஓடவில்லை, நான்தான் அவன் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஓடினேன் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கையை ஓங்கினாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீங்க ஓடறப்ப அவுரு எங்க இருந்தாரு?"

"படகுத்துறை மதிலு மேல."

"ஒண்டியாவா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ நேரம்?"

"நான் திரும்பி வர்ற வரைக்கும். ஒண்ணே முக்கா மணி நேரம் இருக்கும்."

அவள் என் வலது கையைப் பிடித்து வாட்ச்சை அவிழ்த்தாள். வியர்வையில் பட்டை வழுக்கியது, இரண்டு முறை முயன்றுதான் கழன்றது. முந்தானையில் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"நோணாங்குப்பம் எங்கூட்லேர்ந்து பத்து நிமிசம். ஒரு போன் போட்டிருந்தா வண்டிய எடுத்துக்கினு வந்து இட்டுனு போயிருப்பனேண்ணே."

பெண் இளநீரோடு வருவதைப் பார்த்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், கதவு திறந்தது, தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. அவளே அந்த டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நானும் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் இதை வெளியில் சொல்ல வேண்டாமே என்றார். போனை வைத்துவிட்டேன். குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிறு ஓட்டத்தை மட்டும் விடவில்லை. புதிதாக நாலைந்து பேர் சேர்ந்தார்கள். கூட ஓடுகிறவன் எவனாவது நெஞ்சைத் தடவினால், அவன் கேஸ் என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் வீட்டுக்குப் போன் போட்டுவிடுகிறேன். இதனாலேயே இரண்டு பேர் வருவதில்லை. போன வாரம் ஒருத்தனுக்கு அப்படிப் போட்டேன். அவன் மனைவி தலைகூட வாராமல், அள்ளி முடிந்த கொண்டையோடு ஓடி வந்தாள். வெறும் ஏப்பம்தான் என்று தெரிந்ததும், அறிவு இருக்கிறதா உங்களுக்கு, உயிரே போய்விட்டது என்று நடுரோட்டில் வைத்து என்னைக் கிழித்தாள். அவனுக்கும் என்மேல் ஆத்திரம். அவள் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, திருப்பம் வரைக்கும் என்னை முறைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

நீயும் அப்படி என்னை முறைத்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன்டா.