தட்டோரத்துக் கொழுப்பு

டண்டினொங்,
12.5.1996

இஞ்சாருங்கோ,

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை! என் கொலஸ்ட்ரோல் இந்த நாட்டுக் கணக்கில் ஏழரையிலிருந்து ஐந்தரைக்கு இறங்கிவிட்டது.

“என்ன மருந்து எடுத்தனீங்கள், அன்ரி?” என்று டொக்டர் யோகா அதிசயப்பட்டார்.

“மருந்தொண்டுமில்லை, பிள்ளை. அவர் மூண்டு மாசமாய்க் கனடாவிலை நிக்கிறார்.”

டொக்டர் சிரித்தார். காரணத்தை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

உங்களுக்குப் பைபாஸ் செய்த நாளிலிருந்து, கோழித்தோலையும் ஆட்டுக்கொழுப்பையும் தட்டோரம் ஒதுக்கிவைத்துவிட்டு எழும்பிவிடுவீர்கள். எறிய மனமில்லாமல் இரண்டு வருடம் நான்தான் அதைத் தின்றேன். அது எங்கே போகிறதென்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. இந்த மூன்று மாதமும் எனக்குப் பிடித்த மீனை எனக்கென்றே சமைத்தேன்!

கெதியாய் வாருங்கள், உங்களுக்கும் சமைத்துத் தருகிறேன். ஒதுக்குவதை மட்டும் நீங்களே கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள்.

இனித் தன் தட்டில் மட்டும் சாப்பிடப்போகும்,
உங்கள் மனைவி