எஸ்தர் கட்டவெரலும் ஜெப எண்ணெயும்

ஜூன் 7, ஞாயிறு
வெயில். காத்தே இல்ல. புத்தூர் உபவாசக் கூட்டத்துக்குப் போய் வந்த எங்க வீட்டுக்காரரு சட்டையகூட கழட்டல. கத்திரிய எடுத்துக்கினு சோப்பு, பிஸ்கட்டு, டீத்தூள் பாக்கெட்டு, எதுல கடை மெசின்ல காட்டற கருப்புக் கோடு இருந்தாலும் வெட்டறாரு. அதுல வேதத்துல சொன்ன சாத்தான் மிருகத்தோட நம்பர் 666 இருக்குதாம். வெளிநாட்டுல ஏழு பேரு ரூம் போட்டுப் பேசி உலகத்தையே நடத்தறாங்களாம், பிரசங்கியார் படம் போட்டுக் காட்டினாராம். உலகத்த நடத்தறானுங்க, சத்தியவேட்டுக்கு ஒரு பஸ்ஸ நேரத்துக்கு விடத் துப்பில்ல. டீத்தூள் பூரா தரையில.

ஜூன் 8, திங்கள்
எஸ்தருக்கு ஸ்ரீசிட்டி பக்கம் கம்பெனி வேலை! வாசலுக்கே வேன் வரும். எம்பொண்ணு இனிமே கூலிக்கு வெதக்கடலை உரிக்க வேணாம். அழுதுட்டேன்.
உள்ள போவசொல்லோ மெசின்ல கட்டவெரல் வெக்கணுமாம். அவ்ளோதான், இவரு எழுந்துட்டாரு. "அதான் அந்த மிருகத்தோட முத்திரை! எம்பொண்ணு வெரல அந்த ஏழு பேருக்குக் குடுக்க மாட்டேன்."
எஸ்தர்: "ஏன் நைனா, நான் ஷிப்டுக்கு வந்தேனா இல்லியான்னு பாக்கறதா அவங்களுக்கு வேலை?"
தலமுடி எல்லாத்தையும் எண்ணி வெச்சிருக்கற ஆண்டவருக்கு ஒரு மெசின சமாளிக்கத் தெரியாதான்னு நானும் கேட்டேன். உபவாசம்னு படுத்துட்டாரு. சாயந்திரம் பாத்தா சட்டில களி பாதி காணோம்.

ஜூன் 9, செவ்வாய்
மெசின் அவ வெரல எடுக்கல. எத்தினி வாட்டி வெச்சாலும் செவப்பு லைட்டுதானாம். கடலை உரிச்சி உரிச்சி ரேகையே தேஞ்சிபோச்சி பாவம். ஆபீஸ்காரரு தெலுங்குல "ரேப்பு ரா அம்மா", நாளைக்கு வான்னு அனுப்பிட்டாராம். நாளைக்கும் பதியலனா வேற ஆளு.
"பாத்தியா, கர்த்தரே தடுத்துட்டாரு!" இவரு கைதட்டிப் பாட ஆரம்பிச்சாரு. எஸ்தர் மொறத்த இழுத்துப் போட்டு மறுபடியும் கடலை உரிக்க உக்காந்தா. பாட்டு பாதில நின்னுபோச்சி. எனக்கு வந்த ஆத்திரத்துல கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன். யாரும் கேக்கல.

ஜூன் 10, புதன்
தூறல். "நானும் வரேன்"னு இவரு. சட்ட ஜோபில கூட்டத்துல குடுத்த ஜெப எண்ண பாட்டிலு. மூணு பேரும் போனோம். மெசினாண்ட நின்னு எஸ்தர் கட்டவெரல்ல நல்லா தேச்சாரு. "இயேசு நாமத்துல, இந்த மெசின் கண்ணு அவிஞ்சிபோவட்டும்!"
வெச்சா. டிங். பச்ச லைட்டு.
ஆபீஸ்காரரு சிரிச்சாரு. காஞ்ச வெரலுக்கு எண்ணப் பச இருந்தாதான் பதியுமாம். எஸ்தர் உள்ள ஓடிட்டா, திரும்பிக்கூட பாக்கல. இவரு பாட்டிலையே பாத்துக்கினு நின்னாரு. பஸ்ல எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, முந்தானைய வாயில வெச்சிக்கினேன்.

ஜூன் 14, ஞாயிறு
சபைல சாட்சி சொல்ற நேரம். இவரு எழுந்தாரு.
"அந்த ஏழு பேரு கையாலயே எம்பொண்ணுக்கு வேலை வாங்கிக் குடுத்தாரு என் ஆண்டவரு!"
அல்லேலூயான்னு கூரையே அதிருச்சி. ஆராதனை முடிஞ்சா, கடலை உரிக்கற பொண்ணுங்க எல்லாம் கட்டவெரல நீட்டிக்கினு இவரு முன்னால வரிசை. நாளைக்கு அவங்களுக்கும் அந்தக் கம்பெனில மெசினாம். ஜெப எண்ண தீந்துபோச்சி. நேரா கடைக்கு ஓடி ஒரு பாக்கெட்டு கடலெண்ண வாங்கியாந்து, ஜெபம் பண்ணி பாட்டில்ல ஊத்தினாரு.
பாக்கெட்டுல கருப்புக் கோடு பளிச்சினு இருக்குது. வீட்டுல கத்திரி ஆணிலயே தொங்குது.