எனக்கு மட்டும் மங்காத நோவா

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

இங்கே வானாய்வுக்கூடத்தில், வெடித்துப் பிரகாசித்த நோவா நட்சத்திரம் மங்கிவருகிறது என்றார்கள். பக்கத்து வெள்ளை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, மங்கவே இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றேன். நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுக்கும் பெண் சிரித்தாள்.

"அதோட வெளிச்சத்துல இப்ப முக்காவாசி சிவப்புதான், ஐயா. உங்க கண்ணுல புரை. அது நீலத்தை முழுங்கிட்டு சிவப்பை விட்டுடுது. அதான் வெள்ளை நட்சத்திரம் மங்கிப்போய், இது தூக்கலாத் தெரியுது."

தானாகவே வானம் படித்தவனிடம் இந்தப் பேச்சு. அவளோடு நான் பேசுவதில்லை.

ஆனால் போன மாதம் நீ அனுப்பிய படத்தில் கட்டியிருந்த நீலப் புடவையைச் சாம்பல் நிறம் என்று சாதித்தேனே, அது உறுத்துகிறது.

கண் டாக்டரிடம் புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்து வை. கட்டு அவிழ்க்கும்போது அந்தப் புடவையிலேயே எதிரே நில். "அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொல்லாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் பிடிவாதக்காரன்